புது விலை இறங்கும்போது பழைய வண்டி

மின்சாரக் கார் தயாரிக்கும் நிறுவனம் விலையைக் குறைக்கிறது. புதிதாக வாங்குபவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே காரை ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவரின் நிலை என்ன? அவருடைய வண்டியின் மறுவிற்பனை மதிப்பு என்னாகிறது? அடுத்த கார் வாங்கும் நாளில் அவர் அதே நிறுவனத்திடம் போவாரா, வேறு கடை தேடுவாரா? இந்தக் கேள்விகளே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

2023 ஜனவரி 6 அன்று டெஸ்லா நிறுவனம் சீனாவில் தன் கார்களின் விலையை 6 முதல் 13.5 சதவீதம் வரை குறைத்தது. மறுநாள் சனிக்கிழமை. ஷாங்காய் நகரில் அந்த நிறுவனம் வண்டிகளை ஒப்படைக்கும் மையத்தில் சுமார் 200 பேர் திரண்டுவிட்டார்கள். வேறு நகரங்களிலும் ஷோரூம்களில் கூச்சல். அவர்கள் யார்? எல்லோரும் அண்மையில் டெஸ்லா வாங்கியவர்கள். அப்படி என்ன அவசரத்தில் வாங்கினார்கள்? மின்வாகனங்களுக்கு சீன அரசு கொடுத்துவந்த மானியம் 2022 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. ஆண்டு முடிவதற்குள் வாங்கினால்தான் மானியம் என்று ஓடிப்போய் வாங்கியவர்கள் அவர்கள். மானியத்தைப் பிடித்தார்கள், விலையில் கோட்டை விட்டார்கள்.

எவ்வளவு கோட்டை விட்டார்கள்? 2022 அக்டோபர் வரை சீனாவில் மாடல் ஒய் காரின் தொடக்க விலை 3,16,900 யுவான். அக்டோபர் கடைசியில் அது 2,88,900 ஆனது. ஜனவரியில் 2,59,900 ஆனது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 57,000 யுவான் காணாமல் போயிற்று. மாடல் 3 காரிலும் இதே கதைதான்: 2,79,900 யுவானிலிருந்து 2,29,900-க்கு இறங்கியது.

முன்பே வண்டியை எடுத்தவர்களுக்கு ஈடு ஏதும் தரும் திட்டமில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரிதான். ஒப்பந்தம் முடிந்தது, பணம் கைமாறியது, வண்டி வீட்டுக்குப் போயிற்று. பிறகு என்ன வழக்கு? சீனாவில் அடுக்குமாடி கட்டிய நிறுவனம் விற்காத வீடுகளின் விலையைக் குறைக்கும்போது, முன்னால் வாங்கியவர்கள் விற்பனை அலுவலகத்தை முற்றுகையிடுவது பலமுறை நடந்திருக்கிறது. கார்க்காரர்களின் கோபமும் அந்த வீட்டுக்காரர்களின் கோபமும் ஒரே ரகம். ஆனால் ஒரு வேறுபாடு. வீடு ஏறும் என்று நம்பி வாங்குகிறார்கள். கார் இறங்கும் என்று தெரிந்தே வாங்குகிறார்கள். அப்படியானால் தெரிந்த நட்டத்துக்கு ஏன் இத்தனை கோபம்? நட்டம் அவர்களுக்குப் புதிதில்லை. ஐந்து ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டிய மதிப்பு ஒரே இரவில் போனதும், அந்தத் தொகை அப்படியே அடுத்த வாரம் வந்தவரின் பையில் விழுந்ததும்தான் புதிது.

இனி, இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய காரின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? விற்பவரா? தரகரா? விளம்பரத் தளமா? மூவரும் பேரம் பேசலாம். ஆனால் அந்தப் பேரத்துக்கு உச்சவரம்பு ஒன்று உண்டு. அதே கார் புதிதாக இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே அந்த வரம்பு. வாங்கிய விலைக்கு அங்கே வேலையே இல்லை. "நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்" என்ற பேச்சு பழைய கார்ச் சந்தையில் யார் காதிலும் விழாது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. 2022-இன் இலையுதிர் காலத்தில் ஒருவர் டெஸ்லா மாடல் ஒய் லாங் ரேஞ்ச் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைய விலை 65,990 டாலர். மத்திய அரசின் வரிச்சலுகை அவருக்கு இல்லை. ஒரு நிறுவனம் 2 லட்சம் மின்சாரக் கார்கள் விற்றதும் சலுகை படிப்படியாக நின்றுவிடும் என்பது அப்போதைய சட்டம், டெஸ்லா அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட்டு, மீதி 52,792 டாலரைக் கடனாக எடுக்கிறார்.

2023 ஜனவரி 12 இரவு அமெரிக்க விலைகள் மாறுகின்றன. 65,990 டாலர் கார் 52,990 டாலர் ஆகிறது. 13,000 டாலர் ஒரே அடியில். ஏன் 52,990? அந்த ஜனவரியில் புதிய சட்டப்படி 7,500 டாலர் வரிச்சலுகை மறுபடி வந்தது. ஆனால் அதற்கு விலை வரம்பு உண்டு. ஐந்து இருக்கை மாடல் ஒய்யை அதிகாரிகள் அப்போது சாதாரண கார் வகையில் சேர்த்திருந்தார்கள், அந்த வகைக்கு வரம்பு 55,000 டாலர். விலை அதற்குக் கீழே இறங்கியதும் சலுகையும் கூடச் சேர்ந்தது. வருமான வரம்புக்குள் இருக்கும் ஒருவர் புது மாடல் ஒய்யை 45,490 டாலருக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

இப்போது அந்தப் பழைய உரிமையாளரின் கணக்கு என்ன? சில மாதமே ஓடிய காரை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று அவர் நினைத்தால் முடியுமா? புதுக் காரே 45,490 டாலருக்குக் கிடைக்கும்போது அவருடைய பழைய காருக்கு அதைவிட ஒரு டாலர் கூடுதலாக யார் தருவார்? கடன் பாக்கியோ 50,000 டாலரைச் சுற்றி நிற்கிறது. காரைக் கொடுத்தாலும் கடன் தீராது. விபத்தில் கார் முழுதாகப் போனாலும் காப்பீட்டு நிறுவனம் தருவது சந்தை மதிப்பைத்தான். மீதியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். வண்டி நல்ல நிலையில் இருக்கிறது, பேட்டரி பழுதில்லை, ஒரு கீறல் இல்லை. ஆனாலும் உரிமையாளர் கடனில் மூழ்கிவிட்டார்.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 20,500 டாலர் இடைவெளியில் 13,000 நிறுவனம் செய்தது, 7,500 அரசு செய்தது. பழைய காரின் விலைக்கு இரண்டும் ஒன்றுதான். புதிதாக வாங்குபவருக்கு மட்டும் கிடைக்கும் எந்தத் தொகையும், அது தள்ளுபடியோ மானியமோ வரிச்சலுகையோ, பழைய வண்டியின் மதிப்பிலிருந்து கழிந்துவிடும். மானியம் கொடுக்கும் அரசுகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பெட்ரோல் கார்களுக்கு இது நடப்பதில்லையா? நடக்கிறது. ஆனால் வேறு விதமாக நடக்கிறது. பாரம்பரிய நிறுவனங்கள் டீலர்கள் வழியாக விற்கின்றன. விற்பனை மந்தமானால் அறிவிப்பு விலை அப்படியே இருக்கும், டீலர் உள்ளே தள்ளுபடி தருவார். எக்ஸ்சேஞ்ச் போனஸ், வட்டிக் குறைப்பு, இலவசக் காப்பீடு, பண்டிகைச் சலுகை என்று அதற்குப் பல பெயர். ஒருவர் வாங்கிய விலை பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. டெஸ்லா டீலர் இல்லாமல் நேராக விற்கிறது. இணையதளத்தில் ஒரே விலை, எல்லோருக்கும் அதே விலை, பேரமே கிடையாது. வாங்கும்போது எல்லோரும் பாராட்டிய நேர்மை அது. அந்த நேர்மைதான் விலை இறங்கும் நாளில் ஊரறியக் காயப்படுத்துகிறது. அறிவிப்பு விலை இறங்கிய அன்றே பழைய வண்டிகளை மதிப்பிடும் நிறுவனங்களின் பட்டியலும் மாறத் தொடங்கும்.

அடுத்து, இவ்வளவு ஆழமாகக் குறைக்க இடம் எங்கிருந்து வந்தது? முதலில் லாபம். 2022-இல் டெஸ்லாவின் மொத்த லாப விகிதம் 25.6 சதவீதம். கார்த் தொழிலில் அது பெருஞ்செல்வம். குறைப்புகளுக்குப் பிறகு 2023-இல் அது 18.2 சதவீதமாக இறங்கியது. செயல்பாட்டு லாப விகிதம் 16.8-இலிருந்து 9.2 சதவீதமாயிற்று. லாபத்தைக் கொடுத்து விற்பனையை வாங்கினார்கள். வாங்கவும் செய்தார்கள்: 2022-இல் 13.1 லட்சமாக இருந்த விற்பனை 2023-இல் 18.1 லட்சமாயிற்று, அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் விற்ற கார் மாடல் ஒய்தான். இரண்டாவது காரணம் பேட்டரி. சீனச் சந்தையில் 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட், 2023 முடிவில் 1 லட்சத்துக்கும் கீழே கிடந்தது. புளூம்பெர்க்என்இஎஃப் கணக்கில் ஒரு கிலோவாட் மணி பேட்டரியின் சராசரி விலை 2023-இல் 139 டாலர், 2024-இல் 115 டாலர். புதுக் காரின் மிக விலையுயர்ந்த பாகம் இப்படி மலிவாகிறது. பழைய காருக்குள் இருப்பதோ அன்றைய விலையில் வாங்கிய பேட்டரி. மின்சாரக் காரின் மறுமதிப்பு பெட்ரோல் காரைவிட வேகமாகக் கரைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு வேகம்? அமெரிக்காவின் ஐசீகார்ஸ் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கணக்குப்படி, எல்லா வகைக் கார்களும் ஐந்து ஆண்டில் சராசரியாக 45.6 சதவீத மதிப்பை இழக்கின்றன. மின்சாரக் கார்கள் இழப்பது 58.8 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்து மிரள்வதற்கு முன் சற்றே யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குகள் அறிவிப்பு விலையிலிருந்து தொடங்குகின்றன. 7,500 டாலர் சலுகை பெற்று வாங்கியவர் அவ்வளவு கொடுக்கவே இல்லை. ஆகவே அவருடைய உண்மை நட்டம் சற்றுக் குறைவு. சலுகை இல்லாத காலத்தில் வாங்கியவருக்கோ நட்டம் முழுசு.

குறைப்பு வலித்ததற்கு இன்னொரு காரணம், அது விழுந்த உயரம். 2021-இலும் 2022-இலும் சிப் தட்டுப்பாடு. புது டெஸ்லாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்கள் பழைய வண்டியைப் புது விலைக்கும் மேலே கொடுத்து வாங்கினார்கள். 2020-இல் வாங்கி 2022-இல் விற்றவர்களில் பலர் ஓட்டி முடித்த காரை லாபத்துக்கு விற்றார்கள். டெஸ்லா தலைவர் ஈலான் மஸ்க் 2019-லேயே, தானே ஓடும் திறன் வந்துவிட்டால் தங்கள் கார்களின் மதிப்பு ஏறுமே தவிர இறங்காது என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைப் பலர் நம்பினார்கள். இரண்டு ஆண்டுத் தட்டுப்பாடு அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்வதுபோல் தோன்றியது. தட்டுப்பாடு தீர்ந்ததும் சாட்சியும் போயிற்று. ஆகவே நட்டப்பட்டவர்கள் எல்லா டெஸ்லாக்காரர்களும் அல்லர். உச்சத்தில் வாங்கி, சீக்கிரத்தில் விற்க வேண்டியிருந்தவர்களே. பத்து ஆண்டு ஓட்டப்போகிறவருக்கு இது செய்தித்தாளில் படிக்கும் சங்கதிதான்.

சீக்கிரத்தில் விற்றே ஆகவேண்டியவர் யார்? அதுவும் ஆயிரக்கணக்கில்? வாடகைக் கார் நிறுவனம். இங்கேதான் ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் கதை வருகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விலைக் குறைப்பின் சுமை எங்கே போய் இறங்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

2021 அக்டோபரில் ஹெர்ட்ஸ் ஒரு லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப்போவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த நாளில்தான் டெஸ்லாவின் பங்குச்சந்தை மதிப்பு முதன்முறையாக ஒரு டிரில்லியன் டாலரைத் தாண்டியது. வாடகைக் கார்த் தொழிலின் கணக்கு என்ன? காரை வாங்க வேண்டும், ஓரிரு ஆண்டு வாடகைக்கு விட வேண்டும், பிறகு விற்க வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை மாதங்களால் வகுத்தால் வருவது மாதத் தேய்மானம். வாடகை அதைவிட அதிகமாக இருந்தால் லாபம். மறுவிற்பனை மதிப்பு இறங்கினால், கொட்டகையில் சும்மா நிற்கும் காரும் நட்டம், நன்றாக ஓடும் காரும் நட்டம்.

2023 முழுவதும் டெஸ்லா புது விலையைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குறைப்பிலும் ஹெர்ட்ஸ் வைத்திருந்த அத்தனை கார்களின் மதிப்பும் சேர்ந்து இறங்கியது. மோதிய வண்டிகளைப் பழுதுபார்க்கும் செலவும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது. 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் கையை விரித்தது. தன் மின்சாரக் கார்களில் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 20,000 வண்டிகளை, விற்கப்போவதாகவும், அதற்காக 24.5 கோடி டாலரைத் தேய்மானக் கணக்கில் எழுதுவதாகவும் சொன்னது. மார்ச்சில் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஷெர் பதவி விலகினார். ஏப்ரலில் இன்னும் 10,000 கார்கள் விற்பனைப் பட்டியலில் சேர்ந்தன, இன்னும் 19.5 கோடி டாலர் நட்டம் எழுதப்பட்டது.

அந்த 30,000 கார்கள் எங்கே போயின? பழைய கார்ச் சந்தைக்குத்தான். அங்கே ஏற்கெனவே தன் ஒற்றைக் காரை விற்க நின்றுகொண்டிருந்த தனி உரிமையாளருக்கு இப்போது ஹெர்ட்ஸும் போட்டி. புது விலை இறங்கியதால் பழைய விலை இறங்கியது, பழைய விலை இறங்கியதால் பெரிய நிறுவனம் விற்றது, பெரிய நிறுவனம் விற்றதால் பழைய விலை மறுபடி இறங்கியது. ஜெர்மனியின் சிக்ஸ்ட் வாடகை நிறுவனம் 2023 டிசம்பரிலேயே, மறுவிற்பனை மதிப்பு குறைந்ததைச் சொல்லி, இனி டெஸ்லா வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தது. 2024-இல் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனமும் ஊழியர்களுக்கான கார்ப் பட்டியலிலிருந்து டெஸ்லாவை எடுத்தது. விலை அடிக்கடி மாறுவதால் திட்டமிட முடியவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

நிறுவன வாடிக்கையாளரின் விசுவாசம் இப்படித்தான் முறிகிறது. அங்கே கோபமில்லை, கோஷமில்லை, முற்றுகையில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாறும், அடுத்த ஆண்டு கொள்முதல் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. ஐரோப்பாவில் புதுக் கார்களில் பெரும்பகுதி நிறுவனங்களும் லீஸ் கம்பெனிகளும் வாங்குபவை. லீஸ் தவணையில் பெரும்பகுதி, இன்றைய விலைக்கும் மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கும் என எதிர்பார்க்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான். அந்த எதிர்பார்ப்பு ஆட்டம் கண்டால் லீஸ்காரர் தவணையை உயர்த்துவார். ஆக, விலையைக் குறைத்த பிறகும் மாதத் தவணை குறையாமல் நிற்கும் விந்தை அங்கே நடந்திருக்கிறது.

இனி சீனாவுக்குத் திரும்பலாம். 2023-இல் டெஸ்லா தொடங்கிய குறைப்பை மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஜூலை 6 அன்று ஷாங்காயில் டெஸ்லா உள்பட 16 நிறுவனங்கள் ஒன்றுகூடி, இயல்புக்கு மாறான விலைகளால் சந்தையைக் குலைக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டன. இரண்டே நாளில் அந்த வரி காணாமல் போயிற்று. விலை பற்றி நிறுவனங்கள் தங்களுக்குள் உறுதி கொடுத்துக்கொள்வது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரண் என்று, ஏற்பாடு செய்த கார் உற்பத்தியாளர் சங்கமே அதைத் திரும்பப் பெற்றது. இந்த நிகழ்ச்சியில் நகைச்சுவை உண்டு. ஆனால் உரிமையாளருக்கு அதில் ஒரு பாடமும் உண்டு. இனி விலையைக் குறைக்க மாட்டோம் என்று எல்லா நிறுவனங்களும் சேர்ந்து வாக்களிக்க முடியாது. சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

குறைப்பு நிற்கவில்லை. 2025 மே மாதம் பிஒய்டி நிறுவனம் 22 மாடல்களின் விலையை 34 சதவீதம் வரை குறைத்தது. சீகல் என்ற சிறிய கார் 69,800 யுவானிலிருந்து 55,800 யுவானுக்கு வந்தது. அதே மாதத்தில் கிரேட் வால் நிறுவனத்தின் தலைவர் வெய் ஜியான்ஜுன் இன்னொரு வழக்கத்தைப் பொதுவெளியில் போட்டுடைத்தார். பூஜ்ய கிலோமீட்டர் பழைய கார்கள். அதாவது, ஓடாத புதுக் காரைப் பதிவு மட்டும் செய்து, விற்பனைக் கணக்கில் சேர்த்து, பிறகு பழைய கார் என்ற பெயரில் மலிவாக விற்பது. இப்படி ஒரு கார் பழைய வண்டிச் சந்தையில் நிற்கும்போது, உண்மையிலேயே இரண்டு ஆண்டு ஓடிய காருக்கு என்ன விலை கிடைக்கும்?

எல்லை தாண்டியும் அலை அடித்தது. 2024 ஜூலையில் தாய்லாந்தில், ராயோங் மாகாணத்தில் பிஒய்டி தொழிற்சாலை திறந்த அதே சமயத்தில், ஆட்டோ 3 காரின் விலை 3,40,000 பாட் வரை குறைந்தது. முன்னால் வாங்கியவர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு விசாரணையில் இறங்கியது. ஷாங்காயில் கூடியவர்களின் குரலும் பாங்காக்கில் புகார் எழுதியவர்களின் குரலும் ஒன்றே: முன்கூட்டி நம்பியவனுக்கு இதுதானா பரிசு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்தாயிற்று. இவ்வளவு கோபம், இவ்வளவு நட்டம். அப்படியானால் உரிமையாளர்கள் டெஸ்லாவைக் கைவிட்டிருக்க வேண்டுமே? கைவிட்டார்களா?

கைவிடவில்லை. எண்கள் அதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் கார்ப் பதிவுகளைப் பார்த்து எஸ் அண்ட் பி குளோபல் மொபிலிட்டி நிறுவனம் விசுவாசத்தை அளக்கிறது. டெஸ்லா வைத்திருக்கும் குடும்பம் அடுத்த புதுக் கார் வாங்கும்போது மறுபடி டெஸ்லாவையே வாங்கியதா என்பதே அளவுகோல். அந்த அளவில் டெஸ்லா உச்சத்தைத் தொட்டது எப்போது தெரியுமா? 2024 ஜூனில். 73 சதவீதம். அதாவது, முதல் பெருங்குறைப்பு நடந்து ஒன்றரை ஆண்டு கழித்து. ஹெர்ட்ஸ் கார்களை ஏலம்போல் கொட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில்.

இது எப்படி? முதற்காரணம், நட்டப்பட்டவரும் அடுத்த முறை வாங்குபவர்தான். பழைய வண்டிக்கு 13,000 குறைவாகக் கிடைத்தாலும் புது வண்டியும் 13,000 குறைவாகக் கிடைக்கிறது. அதே நிறுவனத்தில் மறுபடி வாங்குபவருக்கு அடியின் பெரும்பகுதி ஆறிவிடும். வெளியே போகிறவருக்குத்தான் முழு அடியும் விழும். விலைக் குறைப்பு இப்படிச் சிலரை உள்ளேயே கட்டிப்போடவும் செய்கிறது. அதைப் பற்று என்று சொல்வதா, வேறு வழியின்மை என்று சொல்வதா? பதிவேட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் விழும். அடுத்த காரணம் சார்ஜிங் வலையமைப்பு. டெஸ்லாவின் சூப்பர்சார்ஜருக்குப் பழகியவர் வேறு மின்சாரக் காருக்கு மாறத் தயங்கினார். கடைசியாக, குறைந்த விலையில் மாற்றுக் கார் அப்போது அமெரிக்காவில் அதிகம் இல்லை.

பிறகு அந்த விசுவாசம் சரிந்தது. 2025 மார்ச்சில் 49.9 சதவீதம். ஆனால் அப்போது பெரிய விலைக் குறைப்பு எதுவும் காரணமாக இல்லை. 2024 ஜூலையில் மஸ்க் அதிபர் வேட்பாளர் டிரம்புக்கு ஆதரவு அறிவித்தார், அரசியலில் முழு மூச்சாக இறங்கினார். மாடல்களும் பழசாகிவிட்டன, போட்டியாளர்களின் புதுக் கார்கள் வந்துவிட்டன. 2025 மே மாதத்தில் விசுவாசம் 57.4 சதவீதமாகச் சற்று மீண்டது. இந்த வரிசையைப் பார்க்கும் எவரும் ஒரு முடிவுக்கு வரலாம். விலைக் குறைப்பு தனி உரிமையாளரின் பையைக் காயப்படுத்துகிறது, ஆனால் அது மட்டுமே அவரை வெளியே அனுப்புவதில்லை. வெளியே போவதற்கு வேறொரு காரணமும் வேண்டியிருக்கிறது. அந்தக் காரணம் வரும் நாளில் பழைய காயமும் நினைவுக்கு வரலாம்.

நிறுவனங்கள் இந்தக் காயத்துக்கு மருந்து போட்டுப் பார்த்திருக்கின்றனவா? போட்டிருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 2022-இல் தன் போல்ட் காரின் விலையைச் சுமார் 6,000 டாலர் குறைத்தபோது, 2022 மாடலை முன்பே வாங்கியவர்களுக்கு ஏறக்குறைய அதே தொகையைத் திருப்பித் தர முன்வந்தது. ஃபோர்டு 2023 ஜனவரி இறுதியில் மஸ்டாங் மாக்-இ விலையை 5,900 டாலர் வரை குறைத்தபோது, வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்குப் புது விலையையே கொடுத்தது, அந்த ஆண்டு பிறந்தபின் வண்டி எடுத்தவர்களைத் தானே அணுகிச் சலுகை தருவதாகச் சொன்னது. இரண்டும் நல்ல முன்மாதிரிகள். ஆனால் இரண்டிலும் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு ஒரு நாள் முன்னால் வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்பார்.

ஆகவே இன்னொரு வழி பிறந்தது: திரும்ப வாங்கும் விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. இந்தியாவில் 2024 செப்டம்பரில் வந்த எம்ஜி விண்ட்சர் காருக்கு, மூன்று ஆண்டு கழித்து 60 சதவீத விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாக நிறுவனம் உறுதி தந்தது. பேட்டரியைத் தனியே பிரித்து, கார் 9.99 லட்சம் ரூபாய், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்ற திட்டமும் அதோடு வந்தது. பேட்டரி மலிவாகும் அபாயம் இங்கே உரிமையாளரின் தலையிலிருந்து இறங்குகிறது. இந்தியாவில் அந்த அபாயம் கற்பனையன்று. 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம், பேட்டரி செல்களின் விலை இறங்கியதைக் காரணம் காட்டி, நெக்ஸான் இவி விலையை 1.2 லட்சம் ரூபாய் வரையும் டியாகோ இவி விலையை 70,000 ரூபாய் வரையும் குறைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பண்டிகைச் சலுகையாக நெக்ஸான் இவி 3 லட்சம் வரை இறங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா எலெக்ட்ரிக்கும் 2024 பிப்ரவரியில் 25,000 ரூபாய் வரை குறைத்தது. ஒரு லட்ச ரூபாயைச் சுற்றிய விலையுள்ள ஸ்கூட்டரில் 25,000 என்பது ஏறக்குறைய கால் பங்கு. ஷாங்காயில் குறைந்ததைவிட அந்த விகிதம் பெரிது.

நட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி நியாயம் விட்டுப்போகும். பழைய காரின் விலை இறங்கினால் அதை வாங்குபவருக்கு யோகம். அமெரிக்காவில் 2023 முதல், 25,000 டாலருக்கு மேற்படாத பழைய மின்சாரக் காரை டீலரிடம் வாங்குபவருக்கு 4,000 டாலர் வரை வரிச்சலுகை கிடைத்தது. ஹெர்ட்ஸ் விற்ற மாடல் 3 கார்களில் பல அந்த வரம்புக்குள் வந்தன. புது மின்சாரக் காரைக் கனவிலும் வாங்க முடியாத குடும்பங்கள் அப்படி டெஸ்லா ஓட்டத் தொடங்கின. அந்தச் சலுகையும் 7,500 டாலர் சலுகையும் 2025 செப்டம்பர் 30-உடன் நின்றுவிட்டன. இரண்டாம் கைக்கு வண்டி போய்ச் சேர்வதும் ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் கிடைப்பதுதான். ஆனால் விசுவாசத்தை அளப்பவர்கள் புதுக் கார் வாங்கியவரையே எண்ணுகிறார்கள்.

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ளலாம். எட்டு, பத்து ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் இன்றைய விலை கட்டுப்படியாகிறதா என்று பார்த்தால் போதும். மூன்று, நான்கு ஆண்டில் மாற்றுவதாக இருந்தால் லீஸ் எடுக்க வேண்டும், அல்லது திரும்ப வாங்கும் விலையை எழுத்தில் பெற வேண்டும். எப்படி வாங்கினாலும், பேட்டரி உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கும் மாறுமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.